வெள்ளிக் கை

காவேரிப்பட்டணத்து வெள்ளி ஆசாரி அம்மாவிடம் கேட்ட கேள்வி இன்னும் காதில் இருக்கிறது. "எந்த விரலும்மா போச்சு? சொன்னீங்கன்னா அதை மட்டும் கொஞ்சம் நறுக்கித் தந்துடறேன். பொருத்தனைன்னா உள்ளது உள்ளபடி இருக்கணுமில்ல?"

அம்மா யோசிக்கவே இல்லை. "வேணாங்க. அஞ்சு விரலும் இருக்கட்டும்."

அவர் டிராயரில் கண், காது, கால், தொட்டில், வீடு என்று அச்சில் அடித்த தகடுகள் கிடந்தன. மாரியம்மனுக்குப் போகிற கையும் மாதாவுக்குப் போகிற கையும் ஒரே அச்சுதான். அறுபத்தைந்து ரூபாய்க்கு எனக்கொரு கை வாங்கி, ரோஸ் தாளில் மடித்து, அம்மா என் சட்டைப் பைக்குள் வைத்துப் பின் குத்தினாள். "குணமான கையாலயே பெட்டியில போடணும். மறந்துடாதே."

அந்தக் கை என் வலது கை. ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்டில் பவர் பிரஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன். 2003 பிப்ரவரியில், நைட் ஷிப்ட் முடிய இருபது நிமிஷம் இருக்கும்போது ஆள்காட்டி விரலின் மேல் கணு போனது. வலியைவிட அதற்கப்புறம் நடந்த எழுத்து வேலைதான் நினைவில் நிற்கிறது. மிஷினில் சிக்கியது என்று எழுதாதே, கதவிடுக்கில் நசுங்கியது என்று எழுது என்றார்கள். எழுதிக் கொடுத்தேன், இடது கையால். பிறகு சீழ் வைத்தது. விரலோடு நிற்காமல் கைக்கே ஏறிவிடும் என்று டாக்டர் சொன்ன ராத்திரிதான் அம்மா பொருத்தனை செய்தாள்: கை பிழைத்தால் பையன் வேளாங்கண்ணிக்கு நடந்தே வருவான். நடக்கப் போகிறவனைக் கேட்கவில்லை. தாய்மார்கள் செய்கிற பொருத்தனைகளில் பாதி இப்படித்தான்.

எங்களுக்கு நாகரசம்பட்டி. காவேரிப்பட்டணத்துக்கும் போச்சம்பள்ளிக்கும் நடுவில், மாந்தோப்பும் தென்னந்தோப்பும் சூழ்ந்த ஊர். அம்மா பிறந்தது எலத்தகிரி, தலைமுறை தலைமுறையாக வேதக்காரர்கள் வாழும் ஊர். அங்கிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவளுக்கு மாதா கோயில் மணிச் சத்தம் இல்லாதது பெரிய குறை. எங்கள் பக்கம் கறுப்புச் சட்டைக்காரர்களுக்குப் பஞ்சமே கிடையாது. எதிர் வீட்டு மாமாவே ஒருவர். கிறிஸ்துமஸுக்கு அம்மா கொடுக்கிற அதிரசத்தை வாங்கிக்கொண்டே, "யேசு பொறந்ததுக்கு என்ன ஆதாரம் இருக்குது?" என்று கேட்பார். அதிரசத்துக்கு ஆதாரம் கேட்டதில்லை.

ஆகஸ்ட் பிறந்துவிட்டால் ஓசூர் சாலையில் காவித் துணி தெரிய ஆரம்பிக்கும். பெங்களூர், ஆனேக்கல் பக்கத்திலிருந்தெல்லாம் கூட்டம் கூட்டமாக வருவார்கள். செப்டம்பர் 8 மாதா பிறந்த நாள். பெங்களூர் சிவாஜிநகர் மாதா கோயிலிலும் அன்றைக்குத்தான் திருவிழா. வாசலிலேயே திருவிழாவை வைத்துக்கொண்டு இத்தனை தூரம் நடக்கிறார்களே என்று நான் சிரித்ததுண்டு. அந்த வருஷம் அந்தக் கூட்டத்தில் ஒரு ஆளாக நானும் பெயர் கொடுத்தேன்.

குழு ஆகஸ்ட் 26-ல் ஓசூரிலிருந்து கிளம்பிவிட்டது. எனக்கு லீவு கிடைக்கவில்லை. "போனா அப்படியே போயிடு" என்றார் சூப்பர்வைசர். 27-ம் தேதி ஷிப்ட் முடித்துக் கடைசி பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். லாரிக்குப் பயந்து மெயின் ரோட்டை விட்டுவிட்டு எங்கள் ஊர் வழியாகப் போவதாகத் திட்டம். 28 காலை ஏழரை மணிக்குத் தெருமுனையில் பாட்டுச் சத்தம் கேட்டது.

முன்னால் ஒரு மூணு சக்கர சைக்கிள் வண்டி. அதன் மேல் கண்ணாடிப் பெட்டிக்குள் மாதா சுரூபம், சுற்றிலும் பிளாஸ்டிக் ரோஜா, அடியில் கார் பேட்டரி, அதிலிருந்து ஒரு குழாய் ஸ்பீக்கர். பின்னால் 31 பேர். கடைசியாக அண்டா, அரிசி மூட்டை, பாய்க்கட்டுகளோடு ஒரு டெம்போ. பேனரில் ஊர்ப் பெயருக்குக் கீழே 'மிஷன் குழு' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். அதனால் வழி முழுக்க டீக்கடைகளில் எங்களுக்கு மிஷன் டீம் என்றே பெயர். 32-வது ஆளாக நான் சேர்ந்தேன். அம்மா சுரூபத்தைத் தொட்டு முத்தி செய்துவிட்டு உள்ளே போய்விட்டாள். எதிர் வீட்டு மாமா கறுப்புச் சட்டையோடு தவலை நிறைய மோர் கொண்டுவந்து திண்ணையில் வைத்தார். "மாதா இருக்காங்களோ இல்லையோ, வெயில் இருக்குது. குடிச்சிட்டுப் போங்கப்பா."

குழுவுக்குத் தலைவர் ஒரு உபதேசியார். அறுபது வயது, ஒல்லி, விசில் ஒன்று கழுத்தில். போச்சம்பள்ளி தாண்டியதும் மர நிழலில் எல்லாரையும் உட்கார வைத்து விதிகளைச் சொன்னார். சாலையின் வலப்பக்கம்தான் நடக்க வேண்டும், வருகிற வண்டி கண்ணுக்குத் தெரியும். பீடி கூடாது. பெண்கள் நடுவில், ஆண்கள் முன்னும் பின்னும். அப்புறம் குரலைத் தாழ்த்தி ஒன்று சொன்னார்: "சோறு போட்டவங்ககிட்ட பிரசங்கம் பண்ணாதீங்க."

இது மிஷன் தம்பிக்காகச் சொன்னது. பெங்களூரில் ஏதோ மிஷன் பயிற்சி முடித்துவிட்டு வந்த பையன், இருபது வயதிருக்கும். டெம்போவில் துண்டுப் பிரசுரம் ஆறு கட்டு ஏற்றியிருந்தான். கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் தமிழ்நாட்டில் வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. 2002 அக்டோபரில் அவசரச் சட்டமாக வந்தது, 2004-ல் விலக்கிக்கொண்டார்கள். நாங்கள் நடந்தது சரியாக அந்த நடுவில். காகிதம் கொடுப்பதைப் பார்த்து யாராவது ஸ்டேஷனில் ஒரு வார்த்தை சொன்னால் 32 பேரும் திருவிழாவை லாக்கப்பில் கொண்டாட வேண்டியதுதான் என்பது உபதேசியாரின் கவலை. தம்பிக்கு முகம் சுண்டிவிட்டது. "அப்புறம் எதுக்கு மிஷன்னு போட்டுக்கிட்டு நடக்கறோம்?" என்று என்னிடம் முணுமுணுத்தான். எனக்கும் தெரியவில்லை. என் பையில் ஒரு கை இருந்தது, அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான்.

நாகரசம்பட்டியிலிருந்து வேளாங்கண்ணி எங்கள் வழியில் 350 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் முன்னப்பின்ன. ஊத்தங்கரை, சிங்காரப்பேட்டை, செங்கம், திருவண்ணாமலை, திருக்கோவிலூர், பண்ருட்டி, வடலூர், சேத்தியாத்தோப்பு, சிதம்பரம், சீர்காழி, தரங்கம்பாடி, காரைக்கால், நாகூர், நாகப்பட்டினம். செப்டம்பர் 7 சாயங்காலம் பெரிய தேர் கிளம்புவதற்குள் போய்ச் சேர வேண்டும். விடியற்காலை மூன்று மணிக்கு விசில். ஒன்பதரை வரை நடை. பள்ளிக்கூடத் தாழ்வாரத்திலோ புளியமரத்தடியிலோ சமையல், தூக்கம். நாலு மணிக்கு மறுபடி நடை, ராத்திரி ஒன்பது வரை. நடுவில் செபமாலை, பாட்டு, வீட்டுக் கதை, யாருக்குப் பேதி என்ற விசாரணை.

மூன்று மணி இருட்டில் நடக்கும்போது வானத்தில் ஒரு பெரிய சிவப்பு நட்சத்திரம் எங்களுக்குப் பின்பக்கமாக, வலப்புறம் சாய்ந்து நிற்கும். நான் கிளம்புவதற்கு முந்தின நாள், ஆகஸ்ட் 27-ல்தான் செவ்வாய்க் கிரகம் ஏறக்குறைய 60,000 வருஷத்தில் இல்லாத அளவுக்குப் பூமிக்குப் பக்கத்தில் வந்திருந்தது. பேப்பரில் படித்திருந்தேன். யாரோ அதை மாதாவின் நட்சத்திரம் என்று சொல்ல, பெண்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். "ஞானிகளுக்கு நட்சத்திரம் முன்னால போச்சு. நமக்கு ஏன் பின்னாலயே நிக்குது?" என்று ஒருத்தர் கேட்டார். "யாரு பின்தங்கறாங்கன்னு பாக்கத்தான்" என்றார் உபதேசியார்.

பின்தங்கியது நான். கம்பெனியில் பழைய ஆள் ஒருவர் கொடுத்த கேன்வாஸ் ஷூவைப் போட்டுக்கொண்டு கிளம்பியிருந்தேன். இரண்டாம் நாள் ராத்திரி சிங்காரப்பேட்டையில் பள்ளிக்கூட வராண்டாவில் அதைக் கழற்றும்போது சாக்ஸோடு தோலும் வந்துவிடும்போல இருந்தது. குதிகாலில் ஒன்று, பெருவிரல் அடியில் ஒன்று, நெல்லிக்காய் அளவுக்குக் கொப்புளம்.

மத்திகிரிப் பெரியம்மா என்று ஒருத்தர் குழுவில் இருந்தார். வீட்டுக்காரர் மத்திகிரி கால்நடைப் பண்ணையில் வேலை செய்து ரிட்டையர் ஆனவர். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றையும் ஒரே வாக்கியத்தில் பேசுவார். செருப்பே போடாமல் நடந்தார். அவர் சுருக்குப் பையிலிருந்து ஊசியும் வெள்ளை நூல்கண்டும் எடுத்தார். ஊசி முனையை மெழுகுவத்தியில் காட்டினார். நூலைத் தேங்காயெண்ணெயில் நனைத்தார். என் குதிகாலை மடியில் வைத்துக்கொண்டு கொப்புளத்தின் ஒரு ஓரத்தில் ஊசியை விட்டு மறு ஓரத்தில் எடுத்தார். வலிக்கவே இல்லை. இரண்டு பக்கமும் ஒரு விரக்கடை தொங்கும்படி விட்டு நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். நூல் வழியாக நீர் தானாகச் சொட்டுச் சொட்டாகக் கசிந்தது. "பிச்சி எடுக்காதே. தோலு மேலயே உக்காந்திருக்கட்டும். ராத்திரிக்குள்ள வத்திப் போயிடும்." ஷூவைத் தூக்கி டெம்போவுக்குள் எறிந்தார். "இதுக்குள்ள காலு வெந்து போயிருக்கு பாரு. நாளைக்கு ரப்பர் செருப்புப் போடு."

அடுத்து, "கையக் காட்டு" என்றார்.

இரண்டு நாளாக வலது கையைத் துண்டுக்குள்ளேயே வைத்திருந்தேன். ஆறு மாதமாகவே அப்படித்தான். டீ கிளாஸைக்கூட இடது கையில் வாங்குவேன். வேறு வழியில்லாமல் நீட்டினேன். மெழுகுவத்தி வெளிச்சத்தில் மொட்டை விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தையலு நல்லாத்தான் போட்டிருக்கான்" என்று சொல்லிவிட்டு அடுத்த கொப்புளத்துக்கு ஊசியை நனைத்தார். அவ்வளவுதான் அவர் அதைப் பற்றிப் பேசியது. எதற்காக நடக்கிறீர்கள், என்ன பொருத்தனை என்று நான் கேட்டதற்கு, "சும்மா. பாத்துட்டு வரலாம்னு" என்றார்.

ஸ்பெயினில் சந்தியாகப்பர் கல்லறை இருக்கிற சந்தியாகோவுக்கு இப்படி நடக்கிறார்கள். பிரெஞ்சு எல்லையிலிருந்து போகிற புகழ்பெற்ற வழி மட்டும் 800 கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட. நடப்பவர்களுக்கு ஒரு பாஸ்போர்ட், தங்கும் இடம்தோறும் அதில் முத்திரை, கடைசி 100 கிலோமீட்டராவது நடந்தவருக்கு லத்தீனில் சான்றிதழ். பின்னாளில் இதைப் படித்தபோது கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது. எங்களுக்கு முத்திரை குத்தியது தார் ரோடு.

ஆகஸ்ட் 31 ஞாயிற்றுக்கிழமை, விநாயகர் சதுர்த்தி. செங்கத்திலிருந்து திருவண்ணாமலைக்குப் போகிற வழியில் ஊருக்கு ஊர் களிமண் பிள்ளையார், எருக்கம்பூ மாலை. ஒரு வீட்டு வாசலில் பாட்டி ஒருத்தி எங்களை நிறுத்தினாள். உள்ளே போய் ஒரு தூக்குவாளி நிறையக் கொழுக்கட்டை கொண்டுவந்தாள். ஆவி பறந்தது. வாங்க இலையில்லை, தட்டெல்லாம் டெம்போவோடு முன்னாலேயே போய்விட்டது. மிஷன் தம்பி தோள்பையிலிருந்து பிரசுரக் கட்டில் ஒன்றை எடுத்தான். உபதேசியாரின் கை விசிலுக்குப் போனது. தம்பி கட்டைப் பிரித்து ஆளுக்கு ஒரு தாளாக எங்களிடமே கொடுத்தான். எழுத்துப் பக்கத்தைக் கீழே வைத்து, வெற்றுப் பக்கத்தில் கொழுக்கட்டையை வாங்கிக்கொண்டோம். தாளில் எண்ணெய் ஊறி எழுத்து மறுபக்கம் தெரிந்தது. "புள்ளையாரு பலகாரம், உங்களுக்கு ஆகுமில்ல?" என்று பாட்டி கேட்டாள். ஆகும் என்று சொல்ல வாயில் இடமில்லை. முதல் கட்டு இப்படித்தான் தீர்ந்தது.

திருக்கோவிலூரில் தென்பெண்ணை. காவேரிப்பட்டணத்துப் பாலத்தில் நான் நாள் தவறாமல் பார்க்கிற எங்கள் ஆறு. நந்தி மலையில் கிளம்பி, பெங்களூர்ச் சாக்கடையெல்லாம் சுமந்துகொண்டு ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் நுரை தள்ளுகிற அதே ஆறு, இங்கே கபிலர் குன்றைச் சுற்றி அகலமான மணலாகக் கிடந்தது. நடுவில் ஒரு பாவாடை நாடா அளவுக்குத் தண்ணீர். எங்களுக்கு முன்னாலேயே கிளம்பி வந்து படுத்துக்கொண்டதுபோல. ஓசூர்க்காரர்கள் நாலைந்து பேர் இறங்கிக் கால் நனைத்தோம். வேளாங்கண்ணிக்கு வராமல் கடலூருக்குத் திரும்பிவிடுகிற ஆறு அது.

பண்ருட்டி முந்திரித் தோப்பு, வெயில், ஒருவருக்கு வாந்தி, ஒருவர் பஸ் ஏறித் திரும்பிப் போனார். இதையெல்லாம் விட்டுவிடுகிறேன். வடலூரை விட முடியாது.

டெம்போ டயர் பஞ்சராகி எங்கேயோ நின்றுவிட்டது. அரிசி, அண்டா, சமையல்காரர் எல்லாம் அதில். மதியம் ஒரு மணி. வள்ளலார் 1867 மே மாதத்தில் மூட்டிய அடுப்பு தருமச்சாலையில் இன்றுவரை அணையாமல் எரிகிறது, யார் வந்தாலும் சோறு என்று எனக்குப் பள்ளிப் பாடத்தில் தெரியும். ஆனால் காவித் துணியும் கழுத்தில் செபமாலையுமாக 31 பேர் எப்படிப் போய் நிற்பது? உபதேசியார் தயங்கினார். சுரூப வண்டியை வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு அவர் மட்டும் உள்ளே போய், உடனே திரும்பி வந்தார்.

"என்ன கேட்டாங்க?"

"எத்தன பேருன்னு கேட்டாங்க."

பந்தியில் உட்கார்ந்தோம். சோறு, குழம்பு, ரசம். பக்கத்தில் உட்கார்ந்தவர் ஊர் ஊராய்ப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர். அவருக்கு நாங்கள் யாரென்பது பற்றி அக்கறை இல்லை, ரசம் இன்னொரு தடவை வருமா என்பதில் இருந்தது. மிஷன் தம்பி இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டான். வெளியே வந்ததும் அந்த அடுப்பைப் பார்க்க வேண்டுமென்றான். எட்டத்திலிருந்து பார்த்தான், கொஞ்ச நேரம் அங்கேயே நின்றான். 1872-ல் திறந்த சத்திய ஞானசபை பக்கத்திலேயே இருந்தது. புலால் சாப்பிடுகிறவர்கள் வெளியில் நின்றே வணங்க வேண்டும் என்பது அங்கே விதி. பண்ருட்டியில் ராத்திரி கருவாட்டுக் குழம்பு சாப்பிட்ட கூட்டம் நாங்கள். மரியாதையாக வெளியிலேயே நின்றோம்.

சிதம்பரம் தாண்டியதும் உபதேசியார் ஸ்பீக்கரை நிறுத்தச் சொன்னார். எங்கள் கேசட்டில் பாதிப் பாட்டு கன்னடம். குழுவில் இருந்த ஆனேக்கல்காரர்கள் கொண்டுவந்தது. கர்நாடகத்தோடு காவிரித் தகராறு. அந்த வருஷம் மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறக்கவில்லை. குறுவை இல்லை. கொள்ளிடம் பாலத்தில் நடந்தபோது கண்ணுக்கெட்டிய வரை மணல், அனல். பாலம் இறங்கிக் கொஞ்ச தூரத்தில், வெடித்துக் கிடந்த வயலோரம் மோட்டார் கொட்டகை. வேட்டியை மடித்துக் கட்டிய ஒருவர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"எந்த ஊரு?"

"ஓசூருங்க."

"அது நம்ம பக்கமா, அவங்க பக்கமா?"

"நம்ம பக்கந்தாங்க" என்று உபதேசியார் சொல்லி வாய் மூடவில்லை. பெரியம்மா முன்னால் வந்து, தாகத்தில் எந்த பாஷை முதலில் வந்ததோ அதில் கேட்டார்: "அண்ணா, நீரு சிகுத்தா?"

எங்கள் 31 பேருக்கும் மூச்சு நின்றது. தஞ்சைச் சீமையின் வாசலில், அந்த வருஷத்தில், கன்னடத்தில் தண்ணீர் கேட்டாகிவிட்டது. கட்டிலில் இருந்தவர் பெரியம்மாவின் வெறுங்காலைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார். "தண்ணி கேக்கற பாஷையப் பாருங்கய்யா!" என்று சொல்லிக்கொண்டே எழுந்து போய் மோட்டாரைப் போட்டார். குழாய் இருமி, துருவைத் துப்பி, பிறகு கொட்டியது. தொட்டி நிறையும்வரை நிறுத்தவில்லை. குடித்தோம், தலையில் ஊற்றிக்கொண்டோம், குடங்களை நிரப்பினோம். கிளம்பும்போது உபதேசியாரைக் கூப்பிட்டு, "அங்க போய் எனக்காக ஒண்ணு கேளுங்க. மழை வேணும்னு கேளுங்க. எந்த பாஷையில வேணாலும் கேளுங்க" என்றார்.

செப்டம்பர் 6 விடியலில் தரங்கம்பாடி. கோட்டைக்குப் போகிற தெருவில் திரும்பி நடந்தோம், குளிக்கலாம் என்று. தெரு முடிந்த இடத்தில் கடல். மலைக்காட்டில் பிறந்து இருபத்துநாலு வயதில் முதல்முதலாகக் கடலைப் பார்க்கிறேன். பெரியது என்று தெரியும். அது இவ்வளவு சத்தம் போடும் என்று யாரும் சொல்லவில்லை. நிற்காமல் ஓடுகிற பிரஸ் ஷாப்போல. மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பக்கத்தைக் கடல் தின்றுவிட்டு மிச்சத்தை நக்கிக்கொண்டிருந்தது.

டேனிஷ்காரர்கள் 1620-ல் கட்டிய கோட்டை அது. லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு 1706 ஜூலை 9-ல் வந்து இறங்கிய கரை. தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டது இந்த ஊரில்தான் என்று மிஷன் தம்பி அங்கே நின்று உணர்ச்சியோடு சொன்னான். அச்சுக் காகிதத்தின் மேல் அவனுக்கு இருந்த பிரியம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. உபதேசியாருக்குப் பொறுக்கவில்லை. "அது அவங்க சபை. அதுக்கு நூத்துமுப்பது வருஷம் முந்தியே, 1578-ல நம்ம அன்றிக்கு சாமியார் கொல்லத்துல தமிழ்ல அச்சடிச்சுட்டாரு, தம்பிரான் வணக்கம்." நானூறு வருஷத்துப் பங்காளிச் சண்டை ஒன்று ஈரத் துண்டோடு ஐந்து நிமிஷம் நடந்தது. பெரியம்மா வந்து, கஞ்சி ஆறுகிறது என்றார். முடிந்தது.

காரைக்காலில் நுழைந்ததும் தலை எண்ணினார்கள். புதுச்சேரி எல்லை, சாராயம் மலிவு. இரண்டு பேர் குறைந்தார்கள். முக்கால் மணி கழித்து, ரொம்ப பக்தியான முகத்தோடு வந்து சேர்ந்துகொண்டார்கள். அன்று ராத்திரி நாகூரில் ஒரு பாய் கடையில் எல்லாருக்கும் டீ கொடுத்துக் காசு வாங்கவில்லை. தர்காவின் ஐந்து மினாராக்களும் விளக்கில் தெரிய, கடை வாசலில் உட்கார்ந்து பெரியம்மா என் குதிகாலில் கடைசிக் கொப்புளத்துக்கு நூல் கோத்தார். மிஷன் தம்பி கடைக்காரருக்குக் கடைசிக் கட்டைக் கொடுத்துவிட்டான், சுண்டல் மடிக்க. உபதேசியார் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தார்.

செப்டம்பர் 7 பிற்பகல் வேளாங்கண்ணி. திசையெல்லாம் காவி, மொட்டைத் தலைகளில் சந்தனம், தென்னங்கன்றைத் தூக்கிக்கொண்டு பொருத்தனைக்காரர்கள். கோயிலிலிருந்து மாதா குளத்துக்குப் போகிற மணல் பாதையில் முழங்காலாலேயே போகிறவர்கள். வெள்ளைக் கோபுரம் தெரிந்த இடத்தில் எங்கள் ஆட்கள் பாதிப் பேர் ரோட்டில் விழுந்து அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை, பசித்தது. 1962-ல் திருத்தந்தை 23-ம் யோவான் பசிலிக்கா ஆக்கிய கோயில், மோர் விற்ற நொண்டிப் பையன் மாதாவைக் கண்டு எழுந்து ஓடிய ஊர் என்று உபதேசியார் விளக்கிக்கொண்டே வந்தார். யாரும் கேட்கிற நிலையில் இல்லை. கேட்டிருந்தால் அந்தப் பையனின் கால் எனக்குக் கொஞ்சம் உறுத்தியிருக்கும். அவனுக்கு முழுசாகக் கிடைத்தது.

உள்ளே போகிற வரிசை வரிசையாக இல்லை. அலை மாதிரி தூக்கிக்கொண்டு போனது. கதவுக்குப் பக்கத்தில் கூட்டம் ஒரேயடியாக நெருக்கியது. மூச்சு முட்டியது. இத்தனை நாளும் லாரிக்கும் பாம்புக்கும் பயப்படாத பெரியம்மா திடீரென்று பயந்துபோய் என் வலது கையைப் பிடித்தார். உள்ளங்கையை அல்ல, அந்த மொட்டை விரலைத்தான் பிடிக்கக் கிடைத்தது. இறுக்கிப் பிடித்துக்கொண்டார், குழந்தை பிடிப்பதுபோல. யாரும் அதை அப்படிப் பிடித்ததில்லை. நானே சோப்புப் போடும்போதுதான் தொடுவேன். அப்படியே இழுத்துக்கொண்டும் இழுபட்டுக்கொண்டும் பீடத்துக்கு முன்னால் வந்தோம். சேலை உடுத்திய மாதா, கையில் குழந்தை. காணிக்கைப் பெட்டி இடுப்பு உயரத்தில். நிற்க அரை நிமிஷம்கூட இல்லை, பின்னாலிருந்து தள்ளுகிறார்கள். இடது கையால் பின்னைப் பிடுங்கி, ரோஸ் தாளோடு அந்தக் கையை எடுத்து, இடது கையாலேயே பெட்டிக்குள் போட்டேன். சத்தம்கூடக் கேட்கவில்லை.

வெளியே காற்றுக்கு வந்த பிறகுதான் பெரியம்மா விரலை விட்டார். வேர்த்திருந்தது. "பாத்தாச்சு" என்றார்.

அன்று ராத்திரி தேர் பார்த்துவிட்டுக் கடற்கரை மணலில் 31 பேரும் வரிசையாகப் படுத்தோம். 2004 டிசம்பர் 26 காலையில் சுனாமி வந்தது அந்த மணலின் மேல்தான். கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, யாத்ரீகர்கள் நிறைந்த நேரம். நான் மெழுகுவத்தி வாங்கிய தகரக் கொட்டகை, பாசிமணிக் கடைகள், கடைக்குள் தூங்கிய பிள்ளைகள். கோயிலுக்குள் தண்ணீர் ஏறவில்லை என்று எங்கள் பக்கத்தில் பெருமையாகச் சொல்வார்கள். அந்தப் பேச்சு வந்தால் நான் எழுந்து போய்விடுவேன்.

வரும்போது பஸ். பதினொரு நாள் நடந்தது ஒரே ராத்திரியில் பின்னால் ஓடியது. நடுவில் விழித்தபோது ஏதோ ஆற்றுப் பாலம், நிலா வெளிச்சத்தில் மணல். எங்கள் ஆறாக இருந்திருக்கலாம். கம்பெனியில் என் கார்டு எடுக்கப்பட்டிருந்தது. அதற்கென்று அழ ஒன்றுமில்லை, அடுத்த கேட்டில் அடுத்த கான்ட்ராக்டர்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா திண்ணையில் கொள்ளு புடைத்துக்கொண்டிருந்தாள். மாதா குளத்துத் தண்ணீர் பாட்டிலை வாங்கி நெற்றியில் ஒற்றிக்கொண்டாள். தேர், கூட்டம், பூசை பற்றியெல்லாம் எதுவும் கேட்கவில்லை.

"அந்தக் கையாலதானே போட்ட?"

"ஆமாம்மா."

முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"காலக் காட்டு."

திண்ணையில் உட்கார்ந்து குதிகாலைத் தூக்கி அவள் மடியில் வைத்தேன். வற்றிப்போன தோலின் இரண்டு பக்கமும் ஒரு விரக்கடை வெள்ளை நூல் அழுக்கேறித் தொங்கிக்கொண்டிருந்தது. அம்மா அதை இழுக்காமல் விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"இத யாரு கோத்துவிட்டது?"